மீனைக் கடைசியில் வாங்குங்கள்

வேளச்சேரிப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 52. வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கியவர். மூன்றாவது மாடியில் சொந்த ஃபிளாட். இருபது வருடமாக நன்னீர் மீன் வளர்க்கிறார். கோல்டு ஃபிஷ்ஷில் தொடங்கி ஆஸ்கர், ஃபிளவர் ஹார்ன் வரை பார்த்தாயிற்று. இப்போது கையில் கொஞ்சம் பணமும் நிறைய நேரமும் இருப்பதால், ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசை. ஹாலில் இடம் அடைக்கும் என்று மனைவி சொல்வதால் பால்கனியில் வைப்பதாகத் திட்டம். கடைக்காரர் ஒருவரிடம் 25,000 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். "ரெண்டே நாள்ல செட் பண்ணி, மூணாம் நாள் மீன் விட்டுத் தர்றேன் சார்" என்பது கடைக்காரர் கொடுத்த வாக்கு.

தண்ணீரை நீலாங்கரைக் கடற்கரையிலிருந்து கேனில் கொண்டுவரலாம், போதாததற்குக் கல் உப்பு கரைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கீழக்கரையில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் உயிருள்ள பவளப்பாறையையே காசில்லாமல் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாராம். இதற்கிடையில் கீழ்வீட்டில் தனியாக இருக்கும் அம்மா, அசோசியேஷனில் ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டார். மனைவிக்குக் கரண்ட் பில் கவலை. மகளுக்கு ஆரஞ்சு வெள்ளைக் கோமாளி மீனும், நீல நிற டேங் மீனும் முதல் நாளே வேண்டும். "என் வீட்டுக்குள் நான் எதை வைத்தால் அவர்களுக்கு என்ன? இருபது வருட அனுபவம் இருக்கும் எனக்கு இது ஒரு பெரிய விஷயமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

செய்யலாம். உங்களைப் போல ஓய்வில் இருப்பவர்களுக்கு இது பொருத்தமான பொழுதுபோக்கும்கூட. தினமும் அரைமணி நேரம் கேட்கும், அதை உங்களால் கொடுக்க முடியும். ஆனால் கடிதத்தில் வரிசை தலைகீழாக இருக்கிறது. மீனில் ஆரம்பித்து, தொட்டி, பாறை, தண்ணீர் என்று வந்து, தரையைப் பற்றிக் கீழ்வீட்டு அம்மா சொன்ன பிறகுதான் யோசிக்கிறீர்கள். மீன்வளம் படித்துவிட்டு இந்தத் தொட்டிகளை அமைத்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் தரை, அடுத்து கரண்ட், தண்ணீர், கல், ஒன்றரை மாதக் காத்திருப்பு, அதற்கப்புறம்தான் மீன்.

உங்கள் இருபது வருட அனுபவம் பாதி உதவும், பாதி உபத்திரவம். எது எது என்று போகப் போகச் சொல்கிறேன்.

கீழ்வீட்டு அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது

எடையைக் கணக்குப் போடுவோம். 6 x 2 x 2 அடி என்றால் 24 கன அடி, அதாவது ஏறக்குறைய 680 லிட்டர். கடல்நீர் நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், லிட்டருக்கு 1.025 கிலோ. விளிம்புவரை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 700 கிலோவை ஒட்டி வரும். 12 எம்எம் கண்ணாடி 120 கிலோ. வடிகட்டியும் பம்பும் இருக்க, கீழே வைக்கும் சம்ப் தொட்டி அதன் தண்ணீரோடு 200 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். கல், மணல் ஒரு 100, ஸ்டாண்ட் ஒரு 80. மொத்தம் 1,200 கிலோ. ஒரு சின்னக் காரை மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்து நிரந்தரமாக நிறுத்துகிறீர்கள், அதுவும் வெறும் 12 சதுர அடி இடத்தில்.

சதுர அடிக்கு 100 கிலோ ஆகிறது. நம் நாட்டில் குடியிருப்பு அறைகளுக்கான ஸ்லாபை வடிவமைக்கும்போது, ஆட்களும் சாமான்களும் சேர்த்துச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று ஐஎஸ் 875 தரநிலை வைத்திருக்கிறது. சதுர அடிக்கு 20 கிலோகூட இல்லை. நீங்கள் ஏற்றுவது அதைப்போல ஐந்து மடங்கு. உடனே இடிந்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஸ்லாப் சுமையைப் பரப்பி வாங்கிக்கொள்ளும். மற்ற இடம் காலியாக இருக்கும். பாதுகாப்பு வரம்பு என்று ஒன்று இருக்கும். தொட்டியைச் சுவரோரமாக, அடியில் பீம் ஓடும் இடத்தில் வைத்தால் பல வீடுகளில் தாங்கும். ஆனால் பல வீடுகளில் தாங்குகிறது என்பது வேறு, உங்கள் வீட்டில் தாங்கும் என்பது வேறு. அதைச் சொல்ல வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். நானும் சொல்ல முடியாது, கடைக்காரரும் சொல்ல முடியாது. அசோசியேஷனிலோ பில்டரிடமோ ஸ்ட்ரக்சுரல் டிராயிங் வாங்கி, அவரை வீட்டுக்கு வரவழைத்துக் காட்டுங்கள். அவர் வாய்மொழியாகச் சரி என்றால் போதாது, எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பால்கனியை மறந்துவிடுங்கள். இதற்கு இன்ஜினியர்கூடத் தேவையில்லை. பெரும்பாலான பால்கனிகள் ஒரு பக்கம் மட்டும் பிடிமானத்தோடு வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை. தாங்கவில்லை என்றால் விரிசல் காட்டி எச்சரித்துவிட்டு மெதுவாக இறங்காது. போதாக்குறைக்கு நேர் வெயில், பாசி, மழை. இடம் ஹால்தான். அல்லது தொட்டி சின்னதாக வேண்டும்.

"என் வீட்டுக்குள் நான் என்ன வைத்தால் என்ன" என்கிறீர்கள். உங்கள் தரைதான் அந்த அம்மாவின் கூரை. சுவரும் பீமும் ஸ்லாபும் எல்லோருக்கும் பொது. கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கும் எதையும் தனி ஒருவர் செய்யக்கூடாது என்பது அநேகமாக எல்லா அசோசியேஷன் பைலாவிலும் இருக்கும். உங்களுடையதை எடுத்துப் படியுங்கள். தொட்டி ஒழுகி அவர் வீட்டு ஃபால்ஸ் சீலிங்கும் ஒயரிங்கும் போனால் நஷ்டத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால், மீன் தொட்டிக் கசிவை அது ஏற்குமா, பக்கத்து வீட்டுச் சேதத்தையும் சேர்த்து ஏற்குமா என்று எழுதிக் கேளுங்கள். இந்த பயமெல்லாம் மிகை என்று நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில் பெர்லினில் ஒரு ஹோட்டலின் நடுக்கூடத்தில் நின்ற அக்வாடோம் என்ற தொட்டி, பத்து லட்சம் லிட்டர் உப்புத்தண்ணீரோடு வெடித்தது. விடியற்காலை என்பதால் ஆட்கள் தப்பித்தார்கள், மீன்கள் தப்பவில்லை. அது கைதேர்ந்தவர்கள் கட்டியது. உங்களுடையது தெருமுனையில் சிலிக்கான் வைத்து ஒட்டப்போவது.

ஆட்சேபத்துக்குப் பதில் ஆட்சேபம் எழுதாதீர்கள். இன்ஜினியர் கடிதத்தின் நகலோடு கீழே போய் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். சம்பில் தண்ணீர் கசிந்தால் அலறும் அலாரம் வைப்பதாகச் சொல்லுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது யார் சாவி வைத்திருப்பார்கள் என்று சொல்லுங்கள். அநேகமாக அவருக்கு வேண்டியது இவ்வளவுதான்.

கீழக்கரைக் கல் வேண்டவே வேண்டாம்

கடிதத்திலேயே என்னை உட்காரவைத்த வரி இதுதான். சொந்தக்காரர் அன்பாகத்தான் சொல்லியிருப்பார். அந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு காலத்தில் பவளக்கல்லில் சுவரே கட்டியிருக்கிறார்கள், சுண்ணாம்புக்கு எரித்திருக்கிறார்கள். அவருக்கு அது தப்பாகவே தோன்றாது. ஆனால் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவித்தாயிற்று. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாவற்றையும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கும் பட்டியல் அது.

முதல் அட்டவணை உயிரினம் என்றால் தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். காசு கொடுக்காமல் வாங்கினேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. உயிருள்ளது, செத்தது, உடைந்த துண்டு, எதுவானாலும் ஒன்றுதான். உங்களிடம் இருந்தாலே முறைகேடாக வைத்திருப்பதாகக் கருதுவார்கள். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். கடைகளில் "இது இந்தோனேசியா சரக்கு சார், பயமே இல்ல" என்பார்கள். இறக்குமதிப் பவளத்துக்கும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் அனுமதி உட்படத் தாள்கள் வேண்டும். காட்டுங்கள் என்று கேட்டால் பேச்சு மாறும். வழக்கு என்று ஏதாவது வந்தால் வழக்கறிஞரிடம் போங்கள். அது வராமலிருக்க என் யோசனை எளிமையானது: கல்லுப்பவளம் இல்லாத, மீன் மட்டும் உள்ள தொட்டி. பாறைக்குச் செயற்கையாகச் செய்த நுண்துளைக் கற்களும் சுட்ட பீங்கான் கற்களும் கிடைக்கின்றன. ஆறு மாதத்தில் ஊதாப் பாசி படர்ந்துவிட்டால் வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று. பூப்போல விரியும் ஸோவாந்திட் என்ற கடல் உயிரின வகைகளைச் சில கடைகளில் மலிவாகத் தள்ளிவிடுவார்கள். பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு அவற்றில் சிலவற்றில் உண்டு. இது ஒட்டியிருந்த கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று அடுப்பில் கொதிக்கவைத்து, ஆவியைச் சுவாசித்துக் குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. எந்தக் கல்லையும் கொதிக்கவைக்காதீர்கள், வெந்நீரில் தேய்க்காதீர்கள். தொட்டிக்குள் கைவிடும்போது கையுறை போடுங்கள்.

கல் உப்பு கடல் ஆகாது

நீலாங்கரைத் தண்ணீரைப் பற்றி. கரையோரத் தண்ணீரில் வடிகால் கலப்பு உண்டு, பெட்ரோல் உண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியும் உண்டு. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு சென்னைக் கரையில் உப்பின் அளவே இறங்கிவிடும். ஆய்வு நிலையங்களில் கடல்நீரைத்தான் பயன்படுத்துகிறார்கள், உண்மை; ஆனால் தள்ளியிருந்து எடுத்து, மணலில் வடிகட்டி, கிருமி நீக்கித்தான். மூன்றாவது மாடிக்கு 700 லிட்டரைக் கேனில் ஏற்றிய பிறகு இதையெல்லாம் வீட்டில் செய்ய முடியாது.

கல் உப்பு யோசனை இன்னும் மோசம். தூத்துக்குடி உப்பளத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கடல்நீர் பாத்தி பாத்தியாக வற்றும்போது முதலில் கால்சியம் சேர்மங்கள் படிந்துவிடுகின்றன. அப்புறம்தான் நாம் சாப்பிடும் உப்பு விளைகிறது. மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு போய்விடுகின்றன. சாப்பாட்டு உப்பு நல்ல உப்பாக இருப்பதற்கே காரணம், கடலின் மற்ற சரக்கை அதிலிருந்து கழித்துவிட்டதுதான். அதைத் தண்ணீரில் கரைத்தால் உப்புக் கரிக்கும். காரத்தன்மை நிற்காது, கால்சியம் இருக்காது, மீன் தாக்குப்பிடிக்காது. அயோடின் சேர்த்த உப்பா, சேர்க்காத உப்பா என்ற கேள்விக்கே நாம் போக வேண்டாம்.

கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவைதான் வழி. லிட்டருக்கு 35, 36 கிராம். உங்கள் தொட்டிக்கும் சம்புக்கும் சேர்த்து முதல் தடவைக்கே சுமார் 28 கிலோ ஆகும். அதைக் கரைக்கும் தண்ணீர், கரைந்திருக்கும் உப்புகளை எல்லாம் நீக்கிய ஆர்ஓ-டிஐ தண்ணீராக இருக்க வேண்டும். வீட்டு ஆர்ஓ மெஷின் பாதி வேலைதான் செய்யும். டிஐ ரெசின் வழியாகவும் போய் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். வேளச்சேரிப் பக்கத்து போர் தண்ணீரை எடுத்தால் ரெசின் சீக்கிரம் தீரும், மெட்ரோ தண்ணீர் தேவலாம். ஆர்ஓ கழிக்கும் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட இரண்டு மூன்று மடங்கு வரும். அதைப் பிடித்துத் துணி துவைக்க, கழிப்பறைக்கு என்று பயன்படுத்துங்கள். கீழ்வீட்டு அம்மாவின் அடுத்த ஆட்சேபம் தண்ணீர் வீணாவதைப் பற்றியதாக இருக்க வேண்டாம்.

நன்னீர்க்காரர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சென்னை வெக்கையில் இந்தத் தொட்டியிலிருந்து தினமும் ஐந்து லிட்டருக்கு மேல் ஆவியாகும். குறைந்ததை உப்புநீரால் நிரப்பாதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கிறது. நல்ல ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புநீர் ஊற்றிக்கொண்டே போனால் ஒரு மாதத்தில் சாக்கடல் தயார். வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை பத்து சதவீதம் தண்ணீர் மாற்றும்போது மட்டும், முந்தின நாளே டிரம்மில் கரைத்துச் சுழலவிட்ட உப்புநீர். எடுத்த பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள். நன்னீர்த் தொட்டித் தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றிப் பழகிய கை அதுபாட்டுக்குப் போகும்.

கரண்ட்: பில்லும் கட்டும்

உங்கள் மனைவியின் கவலைக்கு வருவோம். மீன் மட்டும் உள்ள தொட்டிக்குப் பம்புகள், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் எல்லாம் சேர்த்து 100 வாட் என்றால், 24 மணி நேரத்துக்கு 2.4 யூனிட். விளக்கு ஒரு யூனிட்டுக்குள். தண்ணீரைக் குளிர்விக்கும் 400 வாட் சில்லர் நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 4 யூனிட். ஆக நாளுக்கு ஏழு, இரண்டு மாத பில்லில் 420 யூனிட்டுக்கு மேல் கூடும். ஏற்கெனவே வீட்டில் ஏசி ஓடுகிறது என்றால் 500 யூனிட் கோட்டைத் தாண்டி மேல் அடுக்குக் கட்டணத்துக்குப் போவீர்கள். அவர் பயப்படுவது சும்மா இல்லை.

ஆனால் பவளம் இல்லாததால் இதிலும் கணிசமாக மிச்சம் பிடிக்கலாம். பவளத்துக்குத்தான் பலமான விளக்கும் 26 டிகிரிக் குளிர்ச்சியும் கட்டாயம். இந்தியப் பெருங்கடல் மீன்களில் பல 27, 28 டிகிரியில் நன்றாகவே இருக்கும். சில்லரை 28-இல் செட் செய்தால் மார்ச் முதல் ஜூன் வரைதான் அது உண்மையில் உழைக்கும். சில்லரே வேண்டாம், மேலே ஃபேன் போதும் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், ஃபேன் பெரிதாகக் குளிர்விக்காது. சில்லர் தள்ளும் சூடு ஹாலிலேயே சுற்றாதபடி அதை வெளிக்காற்று படும் இடத்தில் வைக்க வேண்டும். பால்கனி ஆசை இருந்தால் அங்கே சில்லரை வையுங்கள்.

பில்லைவிடப் பெரியது கரண்ட் கட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பகுதியில் எத்தனை நாள் இருட்டில் இருந்தீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுழற்சி நின்ற கடல்நீர்த் தொட்டியில் ஆக்சிஜன் சில மணி நேரத்திலேயே இறங்கத் தொடங்கும். சூடான உப்புத்தண்ணீரில் அது முதலிலேயே குறைவு. வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு சின்ன சுழற்சிப் பம்பை மட்டும் இணைத்து வையுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இரண்டு தனியாக இருக்கட்டும். விலை குறைவு, தொட்டியையே காப்பாற்றும்.

கரண்ட் போனால் இன்னொன்றும் நடக்கும். மேலே தண்ணீர் ஏற்றும் பம்ப் நின்றதும், குழாய் வழியாக மேல் தொட்டித் தண்ணீர் கொஞ்ச நேரம் சம்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். சம்ப் விளிம்பு வரை நிறைந்திருந்தால் அது நேரே தரைக்கு. தொட்டி வந்த முதல் நாளே, வெறும் தண்ணீர் நிரப்பி, நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது பம்பை அணைத்துப் பாருங்கள். தண்ணீர் இறங்கி நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். அதற்கு ஏற்றபடி சம்பில் காலி இடம் இருக்க வேண்டும்.

மின் இணைப்புக்கு, மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி கட்டாயம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதோடு அது ஊரும். சம்ப் விளிம்பில் தெறிக்கும் துளி காய்ந்து வெள்ளைப் பொருக்காகும். அதன்மேல் அடுத்த துளி. அப்படியே ஒயரைப் பிடித்துக்கொண்டு சில மாதத்தில் ப்ளக் வரைக்கும் போய்விடும். ஒவ்வொரு ஒயரும் ப்ளக் பாயின்ட்டுக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேறிப் போகட்டும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் பொருக்கைத் துடையுங்கள், மெயினை அணைத்துவிட்டு. ஸ்டாண்ட் இரும்பு என்றால் வெல்டிங் இணைப்புகளில் எபாக்சி பெயின்ட் நன்றாக ஏறியிருக்க வேண்டும். நன்னீர்த் தொட்டி ஸ்டாண்டுக்கு அடிக்கும் கருப்பு பெயின்ட் இங்கே ஒரு மழைக்காலம் தாங்காது.

மூன்றாம் நாள் மீன்

இப்போது உங்கள் அனுபவத்துக்கு வருவோம். மீன் கழிவில் வரும் அம்மோனியா, பாக்டீரியாவால் நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகும் சுழற்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நன்னீரில் பழைய ஃபில்டர் பஞ்சைப் போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சமாளித்திருப்பீர்கள். கடல்நீரில் பிஎச் 8.2-ஐ ஒட்டி இருக்கும். அந்தக் காரத்தில் அம்மோனியாவின் விஷப் பங்கு கூடிவிடும். உங்கள் ஆஸ்கர் முகம் சுளிக்காமல் இருந்த அதே அளவு இங்கே கொல்லும். உங்கள் பழைய ஃபில்டர் பாக்டீரியாவும் உப்பில் நேராக வந்து வேலைசெய்யாது.

அதனால் மீன் இல்லாமல் சுழற்சியை ஓடவிடுங்கள். அம்மோனியம் குளோரைடு கரைசல் சில சொட்டு, அல்லது ஒரு துண்டு இறாலை வலையில் கட்டிப் போட்டு அழுகவிடுவது. நாற்றம் தாங்கினால் இரண்டாவது வழி மலிவு. டெஸ்ட் கிட்டில் அம்மோனியாக் குழாய் பச்சையாக இருக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் மஞ்சளுக்கு இறங்கும், நைட்ரைட் குழாய் ஊதாவாகும். அதுவும் வெளுத்து, மறுபடி அம்மோனியா சேர்த்து, அடுத்த நாளே இரண்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். நடுவில் மணலெல்லாம் பழுப்புப் படலம் படியும், மகள் முகம் சுளிப்பாள். கெட்டுப்போகவில்லை, தானாகப் போகும். கடைக்காரர் மூன்றாம் நாள் விடும் மீன், சுழற்சி முடிவதற்குள் செத்து, அவரிடமே திரும்ப வாங்கப்படும் மீன். அவர் வியாபாரத்துக்கு அது சரி.

வெள்ளைப்புள்ளி நோய்க்கு நீங்கள் செய்து பழகியது என்ன? உப்பு போட்டு, சூட்டை ஏற்றுவது. இங்கே கிருமியே உப்பில் வாழ்வது. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இது வேறு ஒட்டுண்ணி. பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால், எல்லா மீனையும் பிடித்து வெளியே மாற்றி, பத்து வாரத்துக்கு மேல் தொட்டியை மீனின்றிப் போட்டுவைக்க வேண்டிவரும். தாமிர மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றவே கூடாது. கல்லெல்லாம் குடித்துவிட்டு, பின்னால் விடும் இறாலையும் நத்தையையும் கொல்லும். ஆகவே இரண்டடி அல்லது மூன்றடியில் ஒரு வெறும் குவாரன்டைன் தொட்டி வையுங்கள். வாங்கும் மீன் ஒவ்வொன்றும் நான்கு வாரம் அதில் இருந்துவிட்டுத்தான் பெரிய தொட்டிக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டுப் பழைய ஆஸ்கர் தொட்டி இதற்கு உதவும், முன்பு தாமிரம் எதுவும் ஊற்றியிருந்தாலும் பரவாயில்லை.

மகளுக்குச் சொல்லுங்கள்: கோமாளி மீன் முதலிலேயே வரலாம். அதுதான் முதல் மீனாக வர ஏற்றதும். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையைக் கைக்கொண்டு பல வருடமாகிறது. பண்ணையில் பிறந்த குஞ்சு தொட்டிக்கும் தீவனத்துக்கும் பழகியே வரும். கடலில் பிடித்தது அப்படியல்ல. ஆண் பெண் பார்த்து வாங்க வேண்டியதும் இல்லை. இரண்டு சின்னக் குஞ்சுகளை விட்டால், பெரிதாக வளர்ந்து அதிகாரம் பண்ணுவது பெண்ணாகிவிடும். கடலில் கோமாளி மீன் குடியிருக்கும் கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாமல் அது வாழாது என்று நம்புகிறவர்கள் நிறைய. தொட்டியில் தாராளமாக வாழும். சாமந்திதான் நகர்ந்து போய்ப் பம்பில் சிக்கி அரைபட்டு, மொத்தத் தண்ணீரையும் நாசமாக்கும்.

நீல டேங் ஒரு வருடம் கழித்து வரட்டும், அதுவும் ஆறடித் தொட்டி அமைந்தால் மட்டும். கடையில் கட்டைவிரல் அளவு இருப்பது ஒரு அடி வரை வளரக்கூடியது. நாளெல்லாம் நீந்திக்கொண்டே இருக்கும். வெள்ளைப்புள்ளியை முதலில் இழுத்துக்கொள்வதும் அதுதான். இன்ஜினியர் ஆறடிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், நான்கடிக்கு ஒன்றரை அடி, ஒன்றரை அடி உயரம் வையுங்கள். தண்ணீர் 250 லிட்டர் சொச்சம், எல்லாம் சேர்த்து அரை டன்னுக்குள் நிற்கும். அதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கோமாளி ஜோடி, இரண்டு கோபி மீன், கார்டினல் மீன்களில் ஒரு கூட்டம், சுத்தம் செய்ய இறால் ஒன்று, போதும். டேங் கிடையாது என்று மகளிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. சிறிய தொட்டி சுலபம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய உப்பும் சூடும் வேகமாக ஏறி இறங்கும். நீங்கள் இரண்டு நாள் ஊருக்குப் போனாலே தெரியும். இருந்தாலும் உங்கள் மாடிக்கும், கரண்ட் பில்லுக்கும், கீழ்வீட்டு அம்மாவுக்கும் சேர்த்துப் பார்த்தால் என் ஓட்டு நான்கடிக்குத்தான்.

அட்வான்ஸ்

கடைசியாக அந்த 25,000. ரசீது வாங்கினீர்களா என்று கடிதத்தில் இல்லை. வாங்கவில்லை என்றால், கொடுத்த தேதி, தொகை, எதற்காக என்பதை வாட்ஸ்அப்பிலாவது அவருக்கு எழுதி அவர் பதிலை வாங்கிவையுங்கள். இன்ஜினியர் வந்து பார்க்கும்வரை வேலையை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள், கண்ணாடி வெட்டுவதற்கு முன்பே. வெட்டிய கண்ணாடி திரும்பாது. பிறகு கண்ணாடி எத்தனை எம்எம், மேலே பிரேஸ் பட்டை உண்டா, சிலிக்கான் எத்தனை நாள் காயும், ஒழுகினால் எத்தனை மாதம் பொறுப்பு என்று ஒவ்வொன்றாக எழுதிய கொட்டேஷன் கேளுங்கள். ஒரு வாரம் அவர் கடையிலேயே தண்ணீர் நிரப்பி வைத்துக் காட்டிய பிறகுதான் தொட்டி உங்கள் லிஃப்டில் ஏற வேண்டும். ஆறடி உங்கள் லிஃப்டில் நுழையுமா என்று இன்றே டேப் பிடித்துப் பாருங்கள். நுழையாமல், மூன்று மாடி படியில் தூக்கி மூலையில் தட்டி, கண்ணாடி நுனி பெயர்ந்த தொட்டிகள் உண்டு.

பணத்தைத் திருப்பித் தர அவர் தயங்கினால் சண்டைக்குப் போகாமல், அதற்கு ஈடாக உப்புக் கலவை, ஆர்ஓ-டிஐ யூனிட், டெஸ்ட் கிட், உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் என்று எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள். தொட்டி நான்கடியோ ஆறடியோ, யாரிடம் வாங்கினாலும் இவை நான்கும் உங்களுக்கு வேண்டும்.